ஸ்கீமா எழுதினால் கடை முதலில் வருமா?

கேள்வி: 2025 ஜூன் 3, காலை 9.10

பாளையங்கோட்டையில் அல்வா, காரச்சேவு, கருப்பட்டி விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். மகன் ஒரு இணையதளம் செய்து கொடுத்திருக்கிறான். போன வாரம் ஒருவர் கடைக்கு வந்தார். ‘ஸ்கீமா’ என்று ஒன்று எழுதித் தருவாராம். எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் ‘திருநெல்வேலி அல்வா’ என்று தேடுகிறவர்களுக்கு என் கடைதான் முதலில் வருமாம். பெயருக்குக் கீழே ஐந்து நட்சத்திரமும் போட்டுத் தருவாராம். கொடுக்கலாமா?

2025 ஜூன் 3, இரவு 10.40

கொடுக்காதீர்கள் அண்ணாச்சி.

ஸ்கீமா பொய்யான சரக்கு அல்ல. அவர் சொன்ன பலன்தான் பொய். 2011 ஜூன் 2 அன்று கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொற்பட்டியலை வெளியிட்டன. அந்த நவம்பரில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. உங்கள் கடைப் பலகையைப் பார்க்கிற மனிதனுக்கு எது கடைப்பெயர், எது தொலைபேசி எண், எது அரைக் கிலோவின் விலை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்திரத்துக்கோ எல்லாம் எழுத்து வரிசைதான். ‘இந்த எண் விலை, இந்த எண் தொலைபேசி’ என்று அதற்குப் புரிகிற சொல்லில் பக்கத்தின் குறிமுறைக்குள் எழுதிவைப்பதே ஸ்கீமா. இதை எழுதுவதால் வரிசையில் மேலே ஏற்றுவோம் என்று கூகுள் எங்கும் சொல்லவில்லை. விலை, இருப்பு, மதிப்பீடு போன்றவற்றோடு தேடல் முடிவு கொஞ்சம் விரிவாகத் தெரியும் தகுதி கிடைக்கிறது. அப்படிக் காட்டுவதற்கும் உத்தரவாதம் இல்லை என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். முதலிடத்தை விற்கிறவர், தன்னிடம் இல்லாததை விற்கிறார்.

உங்கள் மகன் ஒரு மாலையில் உட்கார்ந்தால் முடித்துவிடலாம். எப்படி என்று நாளை எழுதுகிறேன்.

2025 ஜூன் 4

எழுத மூன்று வழிகள் உண்டு. ஜேசன்-எல்டி என்ற வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கூகுளும் அதைத்தான் பரிந்துரைக்கிறது. பக்கத்தின் மற்றப் பகுதிகளைத் தொடாமல் தனித்துண்டாக ஒட்டிவிடலாம் என்பதால் எதுவும் கெடாது.

அல்வாக் கடை என்று ஒரு வகை அந்தப் பட்டியலில் கிடையாது. ‘ஸ்டோர்’ என்பதே போதும். பெயர், முகவரி, தொலைபேசி, திறக்கும் நேரம், இருப்பிடம் ஆகிய ஐந்தும் சரியாக இருக்கட்டும். தொலைபேசியில் நம் ஊர்க் குறியீடான 0462-ஐ அப்படியே எழுதாமல், முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிட்டு +91 462 என்று தொடங்குங்கள். அட்சரேகை, தீர்க்கரேகைக்குத் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கமாவது வேண்டும். இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போகலாம். டவுனில் ரத வீதியில் இருக்கும் கடையைத் தேடி வருகிறவர் எங்கோ வயலோரம் நிற்பார்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் பகுதி இருந்தால் அதற்கும் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள். முடிவுப் பக்கத்தில் கேள்விகள் விரிந்து தெரியும்.

2025 ஜூன் 4, சற்று நேரம் கழித்து

முதல் குறிப்பிலேயே சொல்லியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். உங்களுடையது தெருவில் இருக்கிற கடை. வரைபடத்திலும் தேடல் பக்கத்தின் ஓரத்திலும் தெரிகிற கடை விவரம் பெரும்பாலும் கூகுளில் கடைக்காரர் பதிவு செய்யும் இலவச வணிகக் கணக்கிலிருந்துதான் வருகிறது. அதை முதலில் செய்யுங்கள். ஸ்கீமா இரண்டாவது வேலை. இரண்டிலும் நேரமும் எண்ணும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

2025 ஜூன் 7

நட்சத்திரத்தைப் பற்றி அண்ணாச்சி மறுபடி கேட்டிருக்கிறார். இதில் எனக்கு ஒரு வடு இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு கடைக்குத் தளம் செய்துகொடுத்தேன். சோதனைக் கருவியில் போட்டுப் பார்த்தபோது ‘மதிப்பீடு இல்லை, விமர்சனம் இல்லை’ என்று ஆரஞ்சு நிறத்தில் எச்சரிக்கை வந்தது. பிழை என்றால் சிவப்பில் வரும். ஆரஞ்சு என்பது ‘இருந்தால் நல்லது’ என்கிற அளவுதான். எனக்கு அப்போது அந்த வேறுபாடு மனதில் ஏறவில்லை. எல்லாம் பச்சையாக வேண்டும் என்ற வெறியில் 4.8 என்றும் நூற்றுச் சொச்சம் பேர் மதிப்பிட்டார்கள் என்றும் நானே எழுதிவிட்டேன். பக்கத்தில் ஒரு விமர்சனம்கூட இல்லை. சில நாள் நட்சத்திரம் மின்னியது. கடைக்காரர் தெருவில் எல்லோரிடமும் காட்டினார். பிறகு, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற பக்கத்தில் தண்டனை அறிவிப்பு வந்தது. தேடல் வரிசையில் கை வைக்கவில்லை. ஆனால் எல்லா விரிவுத் தோற்றமும் போனது, விலை தெரிவது உட்பட. எழுதியதை எல்லாம் நீக்கி, தவறை ஒப்புக்கொண்டு மறுபரிசீலனைக்கு மனுப் போட்டேன். மனு ஏற்கப்பட்டது. ஆனால் ‘என் கடைக்கு நட்சத்திரம் இருந்ததே, எங்கே தம்பி?’ என்று அவர் கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

விதி இதுதான். 2019 செப்டம்பருக்குப் பிறகு, ஒரு கடை தன்னைப் பற்றித் தன் தளத்திலேயே போட்டுக்கொள்ளும் மதிப்பீட்டைக் கூகுள் காட்டுவதில்லை. பொருளுக்கான மதிப்பீடு வேறு. அல்வாவை வாங்கியவர்கள் உங்கள் பக்கத்தில் உண்மையாகவே எழுதியிருந்து, அது படிக்கிறவர் கண்ணுக்கும் தெரிந்தால் எழுதலாம். மனிதனுக்குக் காட்டாததை எந்திரத்துக்குச் சொல்லக் கூடாது.

2025 ஜூன் 8

திருத்தம். ‘சோதனைக் கருவி’ என்று பொதுவாகச் சொன்னதும் எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் அன்று பயன்படுத்திய பழைய கருவியைக் கூகுள் கைவிட்டுவிட்டது. இப்போது இரண்டு உண்டு. கூகுளின் ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட், கூகுள் எதைக் காட்டக்கூடும் என்று சொல்லும். வேலிடேட்டர்.ஸ்கீமா.ஆர்க், எழுதியது சொற்பட்டியலோடு பொருந்துகிறதா என்று சொல்லும். எழுதியது உண்மையா என்று இரண்டாலும் சொல்ல முடியாது.

2025 ஜூன் 15

அல்வாவை விட்டு இன்று பாய்க்குப் போகிறேன். இந்த வேலையை நான் உண்மையில் கற்றுக்கொண்டது பத்தமடையில்தான்.

பாய் நெய்யும் ஓர் அக்காவுக்குப் பக்கம் செய்துகொடுக்கப் போயிருந்தேன். கோரையை அறுத்துக் காயவைத்து, நீரில் ஊறவைத்து, கீறி, தறியில் நீளவாக்கில் கட்டிய பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். பாவு நெருக்கமாக ஆக ஆகப் பாய் மெல்லியதாகும். மிக நயமானதைப் பட்டுப் பாய் என்கிறார்கள். துணிபோல மடிக்கலாம். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்து தருவார்கள். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

மடிக்கணினியைத் திறந்து ‘அக்கா, பாய் என்ன விலை?’ என்று கேட்டேன். ‘எந்தப் பாய்?’ என்றார். ‘ஏதாவது ஒரு பாய்’ என்றேன். அவர் தறியிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். ‘அகலம் தெரியாமல், பாவு தெரியாமல், யார் கல்யாணத்துக்கு என்று தெரியாமல் எப்படித் தம்பி விலை சொல்வது?’

எந்திரத்துக்கு ஒரு விலை வேண்டும். அக்காவிடம் ஒரு விலை இல்லை. இருப்பு உண்டா, இல்லையா என்று எந்திரம் கேட்கிறது. அக்காவிடம் இருப்பது இனிமேல் நெய்யப்போகும் பாய். அன்று சாயங்காலம்வரை அங்கேயே இருந்தேன். வீட்டில் இருந்த பாய்களை ஒவ்வொன்றாக விரித்து, நீளம் அகலம் அளந்து, எது எப்போதும் கிடைக்கும், எது சொல்லிவைத்தால்தான் கிடைக்கும், எத்தனை நாளாகும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். அக்காவின் மகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குறிமுறை எழுத ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நோட்டுப் புத்தகத்துக்குத்தான் ஒரு நாள் ஆனது. ஸ்கீமா எழுதித் தருகிறேன் என்று எட்டாயிரம் கேட்கிற யாரும் தறிப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த நோட்டைப் போட மாட்டார்கள். வேலை என்பதே அந்த நோட்டுதான்.

சொற்பட்டியலில் இருப்பைச் சொல்லும் சொற்களில் ‘மேட் டு ஆர்டர்’ என்பதும் ஒன்று. சொல்லிச் செய்வது என்று பொருள். அதைக் கண்டபோது அக்காவின் தறிக்கென்றே யாரோ யோசித்ததுபோல இருந்தது. விலைக்குக் குறைந்தது, கூடியது என்று இரண்டு எண் கொடுக்கும் ‘அக்ரிகேட் ஆஃபர்’ முறையைப் பயன்படுத்தினேன். அண்ணாச்சியும் கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என்று இருந்தால் அதையே செய்யலாம்.

2025 ஜூன் 17

மேலே கடைசி இரண்டு வாக்கியங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரே பொருளைப் பல கடைகள் வெவ்வேறு விலைக்கு விற்கும்போது தொகுத்துச் சொல்வதற்குத்தான் அக்ரிகேட் ஆஃபர். ஒரே கடை ஒரே பொருளைப் பல அளவில் விற்றால் அது பொருந்தாது. அதற்கு ‘புராடக்ட் குரூப்’ இருக்கிறது. கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து அதை ஏற்கிறது. பாய் என்பது குழு. அதன் கீழ் அளவும் நிறமும் வேறுபடும் ஒவ்வொரு பாயும் தன் விலையோடும் தன் இருப்போடும் தனியாக நிற்கும். அக்காவின் பக்கத்தை நேற்று இரவு மாற்றி எழுதினேன். நோட்டு இருந்ததால் எளிதாக முடிந்தது.

விலையோடு நாணயத்தையும் மறக்காதீர்கள். ஐஎன்ஆர் என்ற மூன்றெழுத்துக் குறியீடு தனி இடத்தில் வர வேண்டும். விலையின் இடத்தில் ‘ரூ.’ என்றோ ‘/-’ என்றோ எழுதினால் அது எண் அல்ல என்று ஒதுங்கிவிடும். கைவினைப் பொருளுக்குப் பார்கோடு எண் கிடையாது. அந்த இடத்தை விட்டுவிடுங்கள், கற்பனை எண் போட வேண்டாம்.

2025 ஜூன் 22

பெயர்கள்.

தமிழில் பத்தமடை. ஆங்கிலத்தில் பட்டமடை என்று படிக்கும்படி எழுதுகிறார்கள், பத்தமடை என்று படிக்கும்படியும் எழுதுகிறார்கள். ஊர்ப் பெயரை மட்டும் தேடினால் 1887-இல் அங்கே பிறந்த சுவாமி சிவானந்தரும் வந்து நிற்கிறார். மகிழ்ச்சிதான், ஆனால் பாய் வாங்க வந்தவருக்குப் பாய் தெரிய வேண்டும். நம் மாவட்டத் தலைநகருக்கே திருநெல்வேலி, நெல்லை, வெள்ளைக்காரர் எழுதிவைத்த டின்னவெலி என்று மூன்று பெயர். ஸ்கீமாவில் ‘ஆல்டர்நேட் நேம்’ என்ற இடம் இதற்காகவே இருக்கிறது. மாற்றுப் பெயர்களை அங்கே வரிசையாக எழுதலாம்.

ஆனால் அளவு வேண்டும். ஒரு தளத்தில் அந்த இடத்தில் ‘சிறந்த அல்வா, மலிவான அல்வா, ஒரிஜினல் அல்வா’ என்று நாற்பது சொற்களைத் திணித்திருந்ததைப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுகூடக் கடையின் பெயர் அல்ல.

பெயரால் வரும் உண்மையான குழப்பத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை: அவுரி. நம் தென்பகுதி விவசாயிகளும் வியாபாரிகளும் அவுரி இலை என்று சொல்லி ஏற்றுமதி செய்வது, நூல்கள் நிலாவரை என்று சொல்லும் மலமிளக்கிச் செடி. உலகச் சந்தையில் இன்றைக்கும் அதற்கு ‘டின்னவெலி சென்னா’ என்றே பெயர். ஊர் பெயர் மாறிப் பல காலம் ஆகியும் இலை பழைய பெயரைச் சுமந்துகொண்டு போகிறது. ஆனால் நூல்களில் அவுரி என்றால் நீலச் சாயம் எடுக்கும் செடி. தலைக்குப் பூசத் தேடுகிறவரும் வயிற்றுக்குத் தேடுகிறவரும் ஒரே சொல்லைத் தட்டுகிறார்கள். இங்கே ‘சேம் ஆஸ்’ என்ற இடம் உதவுகிறது. ‘நான் சொல்லும் பொருள் இதுதான்’ என்று விக்கிப்பீடியா அல்லது விக்கித்தரவுப் பக்கத்தின் முகவரியை அதில் கொடுத்துவிடலாம். பொருளை மாற்றி உட்கொண்டால் உடம்புக்குக் கேடு என்பதால், இலை விற்கிறவர்கள் இதையும் செய்து, பக்கத்தில் படிக்கிறவர் பார்க்கும்படி தாவரப் பெயரையும் எழுத வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

2025 ஜூன் 23

எழுத்துரு பற்றி ஒருவர் நினைவுபடுத்தினார். அக்காவின் கதையில் இதை விட்டுவிட்டேன்.

பாயைப் பற்றிய விவரத்தை ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். பாமினி எழுத்துரு. அதை அப்படியே எடுத்துப் பக்கத்திலும் ஸ்கீமாவிலும் ஒட்டினேன். பக்கம் அழகாகத் தமிழில் தெரிந்தது, அந்த எழுத்துருவையும் சேர்த்து ஏற்றியிருந்தேன் அல்லவா. சோதனைக் கருவியில் பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும் கலந்த குப்பை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து என்று ஒன்று இல்லவே இல்லை. ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் உருவம் வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எந்திரம் அடியில் இருப்பதைத்தான் படிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே வைக்கும் யூனிகோடுக்கு முழுவதையும் மாற்றினேன். நம் பக்கத்து அச்சகங்களிலிருந்து விவரம் வாங்குகிறவர்கள் எல்லோரும் இதை முதலில் பாருங்கள். எத்தனையோ கோவில் வரலாறுகளும் ஊர்க் கதைகளும் இப்படி இணையத்தில் இருந்தும் இல்லாமல் கிடக்கின்றன. நினைத்தாலே வயிறு எரிகிறது.

இன்னொன்று. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் கடைப்பெயர் நம் ஊரில் தெருவுக்கு நான்கு. யூனிகோடில் அந்த எழுத்தை ஸகரத்தை வைத்தும் எழுதலாம், 2005-இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தை வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், உள்ளே இரண்டும் வேறு. ‘ஔ’ எழுத வேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்து அடிப்பதும் அப்படியே. ஒரு முறை சரியாக அடித்து, எல்லா இடத்திலும் அதையே நகலெடுத்து ஒட்டுங்கள்.

2025 ஜூன் 24

அண்ணாச்சியின் மகன் எழுதியதைப் பார்த்தேன். எல்லாம் சரி. மேற்கோள் குறிதான் வளைந்திருக்கிறது. சொற்செயலியில் வைத்துத் திருத்தியதால் அது நேர்க்குறியை அழகுக் குறியாக மாற்றிவிட்டது. ஜேசனில் நேர்க்குறி மட்டுமே செல்லும். ஒரு குறி வளைந்தாலும், கடைசி வரிக்குப் பின் ஒரு காற்புள்ளி மிஞ்சினாலும் முழுத் துண்டும் செத்துவிடும். பக்கத்தில் எந்த மாற்றமும் தெரியாது என்பதால் மாதக் கணக்கில் கவனிக்காமல் இருந்துவிடுவோம். தம்பி, வெறும் எழுத்துத் திருத்தியில் வைத்து மாற்றுங்கள்.

2025 ஜூலை 1

ஜூன் 4 அன்று கேள்விகள் பகுதிக்கும் குறிப்பு எழுதச் சொன்னேன். அது பழைய நினைப்பு. 2023 ஆகஸ்டிலிருந்து அந்த விரிவுத் தோற்றத்தை நம்பகமான அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. செய்முறை விளக்கத்துக்கு இருந்த தோற்றத்தையும் அடுத்த மாதத்துக்குள் முழுவதும் எடுத்துவிட்டார்கள். இந்த ஜூனில் இன்னும் ஏழு வகைகளை நிறுத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். கேள்விகள் பக்கத்தில் இருக்கட்டும், வாடிக்கையாளருக்குப் பயன்படும். அதற்கான குறிமுறைக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். அண்ணாச்சியின் மகன் இரண்டு இரவு அதற்காகக் கண்விழித்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு மிகவும் சங்கடமாகிவிட்டது.

2025 ஜூலை 14

ஆனித் தேரோட்ட நெரிசலில் ஒரு வாரமாக எதுவும் எழுத முடியவில்லை. தேருக்கு வந்தவர்கள் திறக்கும் நேரத்தை நம்பி வந்து பூட்டிய கதவின் முன் நின்றதைப் பார்த்தேன். அதனால் நேரம் பற்றி.

மத்தியானம் மூடித் திறக்கும் கடைகள் ஒரே நாளுக்கு இரண்டு நேரப் பதிவு எழுதலாம். திருவிழாக் காலத்துக்கும் குற்றாலச் சீசனுக்கும் தனி நேரம் என்றால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று சேர்த்து எழுத இடமிருக்கிறது. சீசன் முடிந்தால் பழைய நேரம் தானாகத் திரும்பும். குற்றாலத்தில் ஒரு விடுதி, இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருப்பதாக நினைத்துத் திறப்பது 00:00, மூடுவது 00:00 என்று எழுதியிருந்தது. கூகுளின் கணக்கில் அதற்கு அன்று முழுவதும் விடுமுறை என்று பொருள். நாள் முழுவதும் திறந்திருந்தால் மூடும் நேரம் 23:59. அந்த விடுதியின் முகவரியில் மாவட்டமும் திருநெல்வேலி என்றே இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-இல். நம்மிடமிருந்து பிரிந்ததில் எனக்கும் வருத்தம் உண்டு, ஆனாலும் முகவரியில் அதைக் காட்டக் கூடாது.

தீரும்வரை விற்கிற அல்வாக் கடைக்கு மூடும் நேரம் எது? இதைத்தான் ஒரு வாரம் யோசித்தேன். சில நாள் எட்டு மணிக்கே சட்டி காலி, சில நாள் பத்து மணி. பத்து என்று எழுதினால் ஒன்பது மணிக்கு வருகிறவர் ஏமாறுவார். எட்டு என்று எழுதுங்கள். அதற்குப் பிறகும் அல்வா இருந்தால் வருகிறவர்களுக்கு அது மகிழ்ச்சி. பக்கத்திலும் ‘தீரும்வரை’ என்று எழுதிவையுங்கள்.

2025 ஆகஸ்ட் 20

அண்ணாச்சியின் கடைக்கு இப்போது தேடலில் விலையும் இருப்பும் தெரிகின்றன. முதலிடம் வரவில்லை. பிள்ளை அனுப்பிய படத்தில் ஆறாவதாக இருக்கிறது, விலையோடு. எட்டாயிரம் கேட்டவர் திரும்ப வந்தபோது, மகன் அவரை உட்காரச் சொல்லி அல்வா கொடுத்து அனுப்பினானாம்.

2025 செப்டம்பர் 2

பத்தமடையிலிருந்து அக்காவின் மகள் பேசினாள். கோரை விலை கூடிவிட்டது, பெரிய பாய்க்கு விலையை ஏற்ற வேண்டும். பக்கத்தில் அவளே மாற்றிவிட்டாளாம். ‘உள்ளே இருக்கிறதையும் மாற்ற வேண்டும் அல்லவா அண்ணே?’ என்று கேட்டாள். நான் சொல்லவே இல்லை. நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் ஒவ்வொரு அளவாகப் படிக்க, நான் இங்கே ஒவ்வொன்றாக மாற்றினேன். நடுவில் ஒரு பாயை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். அந்தப் பாவு நெய்வதற்கு அம்மாவின் கண் இப்போது ஒத்துழைப்பதில்லையாம். அதன் இருப்பை ‘டிஸ்கன்டின்யூட்’ என்று மாற்றி, பக்கத்திலும் இனி நெய்வதில்லை என்று ஒரு வரி எழுதினோம்.